நிலத்தோடு ஒரு பழைய வெள்ளத்தடுப்பு மண் அணையும் வருகிறது, வாங்கலாமா?

புதுநிலம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டெக்சாஸில் டாலஸுக்கு வடகிழக்கே காலின் கவுண்டியில், ஃபார்மர்ஸ்வில் தாண்டி 14 ஏக்கர் நிலம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. நடுவில் ஒரு குளம், குளத்துக்குக் கிழக்கே புல் மூடிய நீளமான மண் கரை, கரைக்குப் பக்கத்தில் குளத்துக்குள்ளேயே ஒரு கான்கிரீட் கூண்டு மாதிரி ஒன்று நிற்கிறது, மேலே இரும்புக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். விற்பவரின் ஏஜென்ட் "ஏரியோடு வருகிற இடம், இந்த விலைக்கு இனிமேல் கிடைக்காது" என்கிறார்.

நில உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி அனுப்பிய காகிதத்தில் 1960களில் பதிவான ஒரு ஈஸ்மென்ட், அதாவது நம் நிலத்தைப் பயன்படுத்த வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த உரிமை, இருக்கிறது. வெள்ள நீரைத் தேக்கிவைக்கும் உரிமை, அணைக்கு வந்துபோகும் உரிமை, பழுது பார்க்கும் உரிமை என்று போகிறது, காலவரையறை எதுவும் இல்லை. ஏஜென்டிடம் கேட்டால் "அது பழைய காகிதம், இங்கே எல்லா இடத்திலும் உண்டு, ஃபீமா, அதாவது மத்திய பேரிடர் மேலாண்மை அமைப்பின் வெள்ள வரைபடத்தில் உங்கள் நிலம் வரவே இல்லை, பயப்படாதீர்கள்" என்று முடித்துவிட்டார்.

குளத்தைப் பார்த்த மாதிரி மேற்குப் பக்கம், தண்ணீரிலிருந்து நூறடி தள்ளி ஒரு வீடு கட்ட ஆசை. அப்பா அம்மா வந்தால் காய்கறி போடுவார்கள், கொஞ்சம் ஆடு வளர்க்கலாம் என்றும் எண்ணம். என் கேள்விகள் இவைதான். இந்த அணை யாருடையது? உடைந்தால் யார் பொறுப்பு? நான் சொன்ன இடத்தில் வீடு கட்டலாமா? தண்ணீரை எடுத்துப் பயன்படுத்தலாமா? இந்த மாதிரி நிலம் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளக் கொடுத்த அவகாசம், அதாவது ஆப்ஷன் பீரியட், இந்த வாரத்தோடு முடிகிறது.

---

ஓடும்வரை எழுதியது:

ஒரே வரியில் சொல்கிறேன், விட்டுவிடுங்கள். இந்த அணைகளை எல்லாம் 50 வருட ஆயுள் என்று சொல்லித்தான் கட்டினார்கள். 1960களில் கட்டியது என்றால் ஆயுள் முடிந்துபோய்விட்டது. அரசாங்கத்துக்கே பழுது பார்க்கப் பணம் இல்லை என்று படித்தேன். இன்னொருவர் கட்டிய பழைய மண் கரையை நம்பி அப்பா அம்மாவை அங்கே உட்கார வைப்பீர்களா?

---

மட்டக்கோல் எழுதியது:

தம்பி, அவசரப்பட்டு வாங்கவும் வேண்டாம், அவசரப்பட்டு விடவும் வேண்டாம். நான் சிவில் இன்ஜினியர், இந்த வகை அணைகளை ஆய்வு செய்து அறிக்கை எழுதும் வேலையில் பல வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்தது ஏரி இல்லை. ஏஜென்ட் ஏரி என்று சொல்வதில்தான் எல்லாக் குழப்பமும் ஆரம்பிக்கிறது. நம் ஊர் ஏரியும் கண்மாயும் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டு பாசனத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்காகக் கட்டியவை. நிரம்பினால்தான் ஊருக்குச் சந்தோஷம். இங்கே நோக்கம் நேர் எதிர். இந்த அணை காலியாக இருப்பதற்காகக் கட்டப்பட்டது. நீங்கள் கண்ட குளம் அடியில் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான், மேலேயிருந்து அடித்து வரும் வண்டல் வந்து படிய ஒதுக்கிய இடம் அது. அணையின் உண்மையான கொள்ளளவு அந்தத் தண்ணீருக்கு மேலே, புல் மேடு மாதிரி காய்ந்து கிடக்கிறதே, அங்கேதான் இருக்கிறது. பெருமழை அன்று மட்டும் அது நிரம்பும், சுமார் 10 நாளுக்குள் மறுபடி காலியாகிவிடும் விதமாக வடிவமைத்திருப்பார்கள். தண்ணீரிலிருந்து நூறடி தள்ளி வீடு என்கிறீர்களே, அந்த நூறடி பெரும்பாலும் இந்த வெள்ளத் தேக்கத்துக்குள்தான் இருக்கும்.

எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் மற்றது எளிதாகப் புரியும். குளத்துக்குள் நிற்கும் கான்கிரீட் கூண்டுதான் முதன்மை வழி. மட்டம் கூண்டின் வாய்க்கு மேலே ஏறியதும் தண்ணீர் உள்ளே விழுந்து, கரைக்கு அடியில் போகும் குழாய் வழியாக வெளியே ஓடைக்குப் போய்விடும். நம் ஊர்ப் பழைய ஏரிகளின் குமிழித் தூம்பைப் பார்த்திருந்தால் உடனே பிடிபடும், ஆனால் இங்கே திறக்க மூட ஆள் தேவையில்லை, தானாகவே ஓடும். குழாய் வேண்டுமென்றேதான் சின்னதாக இருக்கும். மேலேயிருந்து ஒரே இரவில் வருகிற வெள்ளம் கீழே பல நாளாகப் பிரிந்து போக வேண்டும், அதுதான் கணக்கு. அதற்கும் மீறிய மழை வந்தால் கரையின் ஒரு ஓரத்தில், அணையின் மண்ணில் இல்லாமல் இயற்கை நிலத்திலேயே வெட்டிய அகலமான ஒரு புல்தரை வழி இருக்கும், நம் கலிங்கு செய்கிற வேலையை அது செய்யும். பல பேர் அதை ஏதோ சமதளம் என்று நினைத்துக் கொட்டகை போடுவதும், வைக்கோல் உருளைகளை அடுக்குவதும், குறுக்கே வேலி கட்டுவதும் உண்டு. அதை அடைத்தால் தண்ணீர் கரையின் தலைமேல் ஏறும். மண் அணைக்கு அதைவிடக் கெட்டது வேறு எதுவும் இல்லை.

இப்படிச் சின்ன வெள்ளத்தடுப்பு அணைகள் கட்டும் மத்திய அரசுத் திட்டத்துக்கு ஒரு கதை உண்டு. 1934 ஏப்ரலில் ஓக்லஹோமாவில் ஹேமன் என்ற ஊருக்குப் பக்கத்தில் வாஷிட்டா ஆறு பெருகி 17 பேர் இறந்தார்கள். பெரிய ஆற்றில் பெரிய அணை கட்டினால் மட்டும் போதாது, அணைக்கு மேலே இருக்கும் ஓடைகளிலும் வயல்களிலும் மக்கள் மூழ்குகிறார்களே, அங்கேயே வெள்ளத்தைப் பிடிக்க வேண்டும் என்ற பேச்சு அந்தக் காலத்தில் வலுத்தது. 1944 வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் 11 வடிநிலங்களைத் தேர்ந்தெடுத்தது, வாஷிட்டாவும் நம் பக்கத்து ட்ரினிட்டி ஆறும் அதில் உண்டு. முதல் அணை 1948 ஜூலையில் ஓக்லஹோமாவின் கார்டெல் அருகே கிளவுட் க்ரீக்கில் முடிந்தது. 1954இல் சின்ன வடிநிலங்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது, அதன்படி ஒரு திட்டத்தின் பரப்பு 2,50,000 ஏக்கருக்கு மேல் போகக் கூடாது. இன்றைக்கு 47 மாநிலங்களில் 11,800க்கு மேற்பட்ட அணைகள் நிற்கின்றன, டெக்சாஸில் மட்டும் 2,000க்குப் பக்கத்தில். நீங்கள் பார்த்தது அவற்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஓடைகள் பெரும்பாலும் லவான் ஏரிக்குப் போகின்றன. டாலஸுக்கு வடக்கே நாம் எல்லோரும் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. இந்தச் சின்ன அணைகள் மேலேயே வண்டலைப் பிடிக்காவிட்டால் லவான் இன்னும் வேகமாகத் தூர்ந்துபோகும்.

'ஓடும்வரை' சொன்ன 50 வருடக் கணக்கைப் பற்றி. அது மருந்துப் புட்டியில் போட்ட தேதி இல்லை. திட்டத்தின் செலவு வரவைக் கணக்குப் போடவும், வண்டல் இடத்தின் அளவை முடிவு செய்யவும் எடுத்துக்கொண்ட காலம் அது. நன்றாகப் பராமரித்த மண் கரை 50 வருடத்தில் செத்துப் போவதில்லை. கான்கிரீட் குழாய் நின்று உழைக்கும். நெளித்தகடு இரும்புக் குழாய் போட்ட அணைகளில்தான் துரு பெரிய தலைவலி. எனவே வயதைக் கேட்காதீர்கள், குழாய் என்ன வகை என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் கேள்விகள். நிலம் உங்களுடையது, வரியும் நீங்கள்தான் கட்டுவீர்கள். பராமரிப்புப் பொறுப்பு பொதுவாகத் திட்டத்தின் ஸ்பான்சர்களுடையது, அதாவது உள்ளூர் மண்-நீர் பாதுகாப்பு மாவட்டம் (நம் ஊர் மாவட்டம் இல்லை, மண்ணையும் நீரையும் காக்கும் ஒரு உள்ளூர் அமைப்பு, இங்கே சுருக்கமாக மாவட்டம் என்போம்), அதனோடு கவுண்டியோ நகராட்சியோ இருக்கலாம். யார் எதைச் செய்ய வேண்டும் என்பது அந்த ஈஸ்மென்டிலும் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கும். ஏஜென்ட் பழைய காகிதம் என்று ஒதுக்கியதுதான் உங்களுக்கு முக்கியமான காகிதம். கவுண்டி கிளார்க்கிடம் முழுப் பிரதி வாங்கி ஒரு நில வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

வீடு விஷயத்தில் தூரத்தைப் பார்க்காதீர்கள், மட்டத்தைப் பாருங்கள். அணை கட்டியபோது வரைந்த வரைபடங்கள் மெக்கின்னியில் இருக்கும் மத்திய இயற்கை வளப் பாதுகாப்பு அலுவலகத்திலோ அந்த மாவட்டத்திடமோ கிடைக்கும். அதில் மூன்று மட்டங்கள் வேண்டும்: குளத்து மட்டம், புல்தரை வழியின் மட்டம், கரையின் உச்சி மட்டம். ஒரு சர்வேயரைக் கூட்டிப் போய் உச்சி மட்டத்தை உங்கள் நிலத்தில் கொடி நட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீடு, செப்டிக், தண்ணீர்க் கிணறு எல்லாம் அந்தக் கொடிகளுக்கு மேலேதான். ஈஸ்மென்ட் எந்த மட்டம் வரை என்பதையும் அப்போதே ஒத்துப் பார்த்துவிடலாம்.

---

புதுநிலம் எழுதியது:

சார், கை எடுத்துக் கும்பிடுகிறேன். இவ்வளவு விளக்கமாக யாரும் சொல்லவில்லை. ஓரத்தில் அந்தப் புல்தரை இருக்கிறது, அங்கேதான் ஆட்டுக் கொட்டகை போடலாம் என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்டது நல்லதாய்ப் போயிற்று. ஒரு சந்தேகம். ஃபீமா வரைபடத்தில் இல்லை என்கிறார்களே, அது எப்படி?

---

கீழ்த்தெரு எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் அணைக்குக் கீழே இருப்பவள்.

ஃபீமா வரைபடம் ஆறும் ஓடையும் மழையில் பெருகினால் எங்கே தண்ணீர் வரும் என்று காட்டும். அணை உடைந்தால் எங்கே வரும் என்பது அதில் இல்லை, அது தனி வரைபடம். இதை எங்களுக்கு வீடு விற்றவர்கள் யாரும் சொல்லவில்லை. சப்டிவிஷனுக்குப் பின்னால் ஒரு பச்சை மேடு, அதில் சாயங்காலம் நடக்கலாம், பட்டம் விடலாம் என்று பிரோஷரில் படம் போட்டிருந்தார்கள். குடிவந்து சில காலம் கழித்துத்தான் அது அணை என்றே எங்கள் தெருவுக்குத் தெரிந்தது. பொறுப்பான ஸ்பான்சர் கூட்டம் போட்டு, இது இப்போது அதிக ஆபத்து வகைக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று சொன்னபோது பாதிப் பேருக்கு முகம் வெளுத்துவிட்டது.

புரிந்துகொள்ளுங்கள், அதிக ஆபத்து என்றால் அணை மோசமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்பதுதான் அந்த வகைப்பாடு. டெக்சாஸ் விதிப்படி உடைப்பு வெள்ளம் போகிற பாதையில் குடியிருக்கும் வீடுகள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தாலே அது அதிக ஆபத்து வகை. மூன்றே வீடு! எங்கள் தெருவில் ஒரு பக்கத்திலேயே அதைவிட அதிகம் இருக்கிறது. அணை இருந்த இடத்தில் இருந்தது, அதே உயரம், அதே கரை. சோளமும் பருத்தியும் விளைந்த வயலில் எங்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். 1960இல் காலின் கவுண்டி முழுவதற்கும் மக்கள்தொகை சுமார் 41,000. 2020இல் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வயலைக் காப்பாற்றக் கட்டிய அணை இன்று ஊரைச் சுமக்கிறது, அந்த ஊரை அனுமதித்தவர்கள் அணையைப் பலப்படுத்தப் பணம் கேட்டால் மட்டும் தயங்குகிறார்கள். எனக்கு இதில் கோபம் அதிகம், மன்னிக்கவும்.

தம்பி, உங்களுக்கு இரண்டு சொல்கிறேன். ஒன்று, உங்கள் நிலம் அணைக்கு மேலே மட்டும்தானா, கரைக்கு வெளிப்பக்கமும் கொஞ்சம் வருகிறதா? 14 ஏக்கருக்குள் கரையே இருக்கிறது என்றால் வெளிப்பக்கமும் இருக்கும். அங்கே எந்தக் காரணத்துக்காகவும் வீடு கட்டாதீர்கள், நாளைக்குத் துண்டு போட்டு விற்கவும் செய்யாதீர்கள். இரண்டு, தேசிய அணைப் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, உங்கள் அணையைத் தேடி ஆபத்து வகை என்ன, ஆய்வில் என்ன நிலை என்று பாருங்கள். வெள்ளக் காப்பீடு எடுப்பதாக இருந்தால் இப்போதே எடுங்கள், பொதுவாக 30 நாள் காத்திருப்பு உண்டு, டிவியில் புயல் செய்தி பார்த்துவிட்டு எடுத்தால் பிரயோஜனம் இல்லை.

---

ஓடும்வரை எழுதியது:

அக்கா சொல்வதும் நான் சொன்னதைத்தானே உறுதி செய்கிறது?

---

மட்டக்கோல் எழுதியது:

இல்லை ஐயா. அவர் கீழே இருக்கிறார், தம்பி மேலே இருக்கப் போகிறார். அணை உடைந்தால் மேலே இருப்பவருக்கு நஷ்டம் ஒரு குளம், கீழே இருப்பவருக்கு உயிர். பயப்பட வேண்டிய ஆள் வேறு, கவனிக்க வேண்டிய ஆள் வேறு. கரைக்குப் பக்கத்தில் தினமும் இருக்கிற ஒருவர் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் கீழே இருக்கும் எத்தனையோ குடும்பத்துக்கு அது காவல். ஆய்வாளர் எப்போதாவதுதான் வருவார்.

பணம் இல்லை என்பதும் பாதிதான் உண்மை. 2000இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த அணைகளின் புனரமைப்புக்குத் தனிச் சட்டம் இயற்றியது, செலவில் 65 சதவீதம் மத்திய அரசு தரலாம். டெக்சாஸ் சட்டமன்றமும் 2009இலிருந்து பராமரிப்புக்கும் பழுதுக்கும் பணம் ஒதுக்கி வருகிறது. போதுமா என்றால் போதாது. கீழ்த்தெரு அம்மா கோபப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது, எத்தனையோ அணைகளின் கீழே வீடுகள் முளைப்பதை நானும் எழுதி எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதிய வகைக்கு ஏற்றபடி கரையை உயர்த்தவும் புல்தரை வழியை அகலப்படுத்தவும் கோடிக்கணக்கில் ஆகும், அதே பணத்தில் அந்த நிலத்தை முன்பே வாங்கித் திறந்த வெளியாக விட்டிருக்கலாம்.

---

மேய்ச்சல்காரன் எழுதியது:

நான் வைஸ் கவுண்டியில், டிகேட்டர் பக்கம் இருக்கிறேன். என் நிலத்தில் இதே மாதிரி அணை ஒன்று உண்டு. அதோடு வாழ்வது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் வாங்கிய பிறகு தினமும் செய்ய வேண்டியது இதுதான்.

முதல் எதிரி மரம். கரையில் மெஸ்கீட், எல்ம், வில்லோ எல்லாம் தானாக முளைக்கும். சின்னதாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். நிழலாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்று விட்டால் வேர் கரைக்குள் ஓடும். பிறகு மரம் செத்தால் வேர் மக்கி அதன் இடத்தில் பொந்து விழும், தண்ணீர் அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். பெரிய மரம் ஏற்கனவே இருந்தால் நீங்களாகத் தோண்டி எடுக்காதீர்கள், மாவட்டத்தைக் கூப்பிடுங்கள், அதைச் சரியாக மண் போட்டு இறுக்கி மூட வேண்டும்.

இரண்டாவது மிருகங்கள். காட்டுப் பன்றி ஒரே ராத்திரியில் கரையை ஏர் உழுத மாதிரி கிளறிப் போட்டுவிடும். கோஃபர் வளை தோண்டும். பீவர் இருக்கிறதே, அது தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டாலே போதும், குச்சியும் சேறும் கொண்டுவந்து கூண்டின் வாயை அடைக்கும். குழாய் அடைந்தால் குளத்து மட்டம் ஏறியே நிற்கும், வெள்ளத்துக்கு ஒதுக்கிய இடம் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே போகும். மழை இல்லாமலே மட்டம் வழக்கத்தைவிட உயரமாக இருந்தால் முதலில் கூண்டைப் பாருங்கள். ஆனால் நீங்களே படகில் போய்க் கம்பி வலைக்குள் கையை விடாதீர்கள், அடைப்பு திடீரென்று விலகினால் இழுக்கிற வேகத்துக்கு ஆள் தாங்க மாட்டான்.

மாடு ஆடு மேய்க்கலாம், என் ஈஸ்மென்டில் அதற்குத் தடை இல்லை, உங்களுடையதைப் பாருங்கள். ஆனால் கால்நடை ஒரே தடத்தில் ஏறி இறங்கும், அந்தத் தடம் முதல் மழையில் ஓடையாகிவிடும். புல் நன்றாகப் பிடித்திருக்கும்போது மட்டும் விட்டு, தரை தெரிவதற்கு முன் ஓட்டிவிட வேண்டும். கரையைக் காப்பது அந்தப் புல்தான்.

2015 மே மாதம் ஞாபகம் இருக்கும், டெக்சாஸ் கண்ட மழைகளிலேயே அதிகம் பெய்த மாதம் அது. என் இடத்தில் குழாய் தாங்காமல் புல்தரை வழியிலும் தண்ணீர் ஓடியது. பழுப்பு நிறத்தில், முழங்கால் ஆழத்துக்கு, அகலமாக, அலுங்காமல் போய்க்கொண்டே இருந்தது. வடிந்த பிறகு பார்த்தால் புல் எல்லாம் ஒரே திசையில் படிந்து கிடக்கிறது, வேர் அப்படியே இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில், ட்ரக் போய்ப் போய்ப் புல் தேய்ந்த சக்கரத் தடத்தில் மட்டும், இடுப்பளவு பள்ளம் வெட்டியிருந்தது. பள்ளம் மேல்நோக்கி ஏறியே போனால் வழி முழுவதும் போய்விடும் என்று மாவட்டத்து ஆட்கள் வந்து மண் நிரப்பிப் புல் நட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் வண்டியே விடுவதில்லை.

---

கரிசல்மண் எழுதியது:

நான் கோவில்பட்டிக்காரன், இப்போது மெக்கின்னியில். ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. வைஸ் கவுண்டி அண்ணன் இருப்பது மணல் கலந்த நிலம், காலின் கவுண்டி அப்படி இல்லை, இங்கே கரும் களிமண். நம் கரிசலும் இதுவும் மண்ணியலில் ஒரே வகையில் வருபவை. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பிச் செருப்பைப் பிடித்து இழுக்கும், எங்கள் ஊர் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்த மண்ணில் கட்டிய கரைக்கு வறட்சி முடிந்து வருகிற முதல் பெருமழைதான் ஆபத்தான காலம். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி, மேல் சில அடி மண் கொழகொழத்து, சரிவிலிருந்து ஒரு பாளமாகக் கீழே வழுகி இறங்கும். கரையின் சரிவில் பிறை வடிவில் ஒரு படி மாதிரி விழுந்திருந்தால் அதுதான். ஓரளவு வரை அது அணையை உடைக்காது, ஆனால் அப்படியே விட்டால் ஒவ்வொரு வருடமும் மேலே மேலே தின்றுகொண்டு போகும். நிலம் பார்க்கப் போகும்போது கரையின் உச்சியில் நின்று நீளவாக்கில் பாருங்கள், உச்சி நேர்கோடாக இருக்கிறதா, எங்காவது தொய்ந்திருக்கிறதா என்று. நீளவாக்கில் வெடிப்பு ஓடினால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு அஸ்திவாரத்துக்கும் இதே மண்தான் என்பதை மறந்துவிடாதீர்கள், அதற்குத் தனியாக மண் பரிசோதனை வேண்டும்.

மட்டக்கோல் சார் காலியாக வைப்பது என்று சொன்னாரே, அது என் மனதில் தைத்தது. 2023 டிசம்பரில் எங்கள் தென்மாவட்டங்களில் பெய்த மழை எல்லோருக்கும் தெரியும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் பக்கத்துக் குளங்களும் கண்மாய்களும் அடுத்த பருவத்துக்காகத் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டியவை, பருவமழை நேரத்தில் அவற்றைக் காலியாக வைக்கச் சொன்னால் எந்த விவசாயி சம்மதிப்பான்? பெருமழை வரும்போது அவற்றில் வெள்ளம் நிற்க இடம் இருக்காது. ஒரே கரை பாசனத்துக்கும் வெள்ளத்துக்கும் முழுதாக உழைக்க முடியாது. ஓடைகளின் தலைப்பில் வெள்ளத்துக்கென்று மட்டும் இப்படிச் சில கரைகள் இருந்தால் கீழே உள்ள குளங்கள் தப்பிக்குமா என்று யோசிக்கிறேன். சார் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

மட்டக்கோல் எழுதியது:

கரிசல்மண் தம்பி, மண்ணைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உங்கள் கேள்விக்கு உண்மையான பதில்: சாதாரண வெள்ளத்தில் உதவும், 95 சென்டிமீட்டரில் உதவாது. இந்தச் சின்ன அணைகளில் ஆபத்துக் குறைந்த வகையை 25 வருடத்துக்கு ஒருமுறை வருகிற மாதிரியான வெள்ளத்தைக் குழாய் வழியாகவே சமாளிக்கும் விதமாக வடிவமைப்பது வழக்கம், அதிக ஆபத்து வகை என்றால் 100 வருடம். அதற்கு மேல் போனால் புல்தரை வழிதான். அப்போது அணையின் வேலை வெள்ளத்தைத் தடுப்பது இல்லை, தான் உடையாமல் நிற்பது. மேலும் பாலாற்றுப் படுகையிலோ தாமிரபரணியிலோ ஒவ்வொரு ஓடையின் தலைப்பிலும் வருடத்தில் பெரும்பாலும் காலியாகக் கிடக்க நிலம் யார் கொடுப்பார்கள்? இங்கே 1950களில் விவசாயிகள் பெரும்பாலும் பணம் வாங்காமல் ஈஸ்மென்ட் எழுதிக் கொடுத்தார்கள், கீழ்வயல் அண்டை வீட்டுக்காரனுடையது, அவன் பருத்தி மூழ்குவதை வருடாவருடம் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல் இந்தத் திட்டமே இல்லை.

புதுநிலம் தம்பிக்குத் தண்ணீர்க் கேள்வி பாக்கி இருக்கிறது. ஓடைத் தண்ணீர் டெக்சாஸில் மாநிலத்துக்குச் சொந்தம். வீட்டு உபயோகத்துக்கும் கால்நடைக்கும் 200 ஏக்கர்-அடிக்குள் (ஒரு ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கர்-அடி) தேக்கி வைக்கும் குளங்களுக்கு அனுமதி தேவையில்லை, இந்த அணைகளில் பலவற்றின் அடிக்குளம் அந்த எல்லைக்குள் இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். அம்மா வீட்டுக்குக் காய்கறி போட எடுப்பதில் பிரச்சினை வராது, ஆடு குடிக்கலாம். காய்கறியை விளைவித்துச் சந்தைக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்திடம் அனுமதி கேட்க வேண்டும். கூண்டின் வாயை உயர்த்திக் குளத்தைப் பெரிதாக்கும் யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

---

புதுநிலம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன், வரைபடம் தருகிறேன் என்று சொன்னார்கள், நல்லபடியாகப் பேசினார்கள். ஆப்ஷன் பீரியடை நீட்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டோம். சனிக்கிழமை சர்வேயரோடு போகிறேன். குழாய் வெளியே வரும் இடத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அதையும் பார்த்துவிடுவேன்.

---

மட்டக்கோல் எழுதியது:

டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். குழாய்க்குள் வெளியிலிருந்தே அடித்துப் பாருங்கள், உள்ளே நுழைய வேண்டாம். கான்கிரீட்டா தகடா, இணைப்புகள் விலகியிருக்கிறதா, அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டையா என்று தெரியும். தண்ணீர் குழாய்க்குள்ளிருந்து வந்தால் சரி, குழாயைச் சுற்றி மண்ணிலிருந்து வந்தால் உடனே மாவட்டத்துக்குச் சொல்லுங்கள். கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் முழு நீளமும் நடந்து பாருங்கள், மற்ற இடம் காய்ந்திருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் சம்பு முளைத்துச் சொதசொதவென்று இருந்தால் கசிவு. கசிவு தெளிந்த தண்ணீராக இருந்தால் குறித்துக்கொண்டு கவனிக்கலாம். கலங்கலாக வந்தால் கரையின் மண்ணைக் கொண்டுபோகிறது என்று பொருள், அன்றைக்கே போன் போட வேண்டும், வாங்குவதா வேண்டாமா என்பதெல்லாம் அப்புறம். படங்களை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.